முள் என்றே எழுதிக்கொண்டார்கள்

இன்று காலை என் வேனின் இன்ஜெக்டர்களைக் கழற்றினார்கள். கொஞ்ச நாளாக ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே உயிரை வாங்குகிறான். தம்புள்ளை வீதியில் இருக்கும் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். அங்கே வேலை பார்ப்பவர் நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர், அதிகம் பேசாத மனிதர். நான்கு இன்ஜெக்டர்களையும் வெளியே எடுத்து, ஒன்றைப் பிரித்து, அதன் நுனியில் இருக்கும் நொசிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கடைசியாக இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"ஒரு சிநேகிதர். வீட்டில் வைத்துச் செய்தார்" என்றேன்.

"நல்ல கை" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. டீசல் மணம் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, எதிர்க் கடையில் ஒரு பிளேன்டியை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தேன். அந்த நல்ல கையில் கடைசியில் மூன்று விரல்தான் இருந்தது. மற்ற இரண்டும் போனது என்னால். இதை நான் உம்மிடம் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. நீர் போய் மூன்று மாதமாகிறது. ஆள் போன பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற என் வீரத்தைப் பாரும்.

'நீர்' என்று எழுதும்போதே நீர் சிரிப்பது கேட்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, நாவுலவில் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு வந்து, மாத்தளையில் உமக்குப் பக்கத்து வீட்டில் குடியேறிய புதிதில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நீர் எங்க வேலை செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு நீர்னா தண்ணி தான் சார்" என்றீர். "ஒண்ணு நீங்கன்னு கூப்பிடுங்க, இல்லாட்டி நீன்னு கூப்பிடுங்க. என்னத்துக்கு ரெண்டுக்கும் நடுவுல தொங்குறீங்க?"

நான் மாற்றிக்கொள்ளவில்லை. நீரும் என்னைச் 'சார்' என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. இருபது வருடம் அப்படியே ஓடியது. எனக்கும் உமக்கும் ஒரே வயது. உம்முடைய லொறியில் ஏறி நான் எத்தனையோ தடவை கலேவெல வரைக்கும் வந்திருக்கிறேன். என் மனைவிக்குக் காய்ச்சல் என்றால் உம்முடைய மனைவி பாக்கியம்தான் கஞ்சி கொண்டுவந்து தருவார். அப்படியிருந்தும் அந்தச் 'சார்' வேண்டாம் என்று நான் ஒரு தடவையாவது சொன்னேனா? கேட்க நன்றாக இருந்தது, வேறென்ன.

டீசலுக்காக ஊரே வரிசையில் கிடந்த வருடம் உமக்கு நினைவிருக்கும். உம்முடைய லொறி பாதி நாள் டீசல் ஷெட் வாசலில் நிற்கும். மீதி நாள் கலேவெல, நாவுலப் பக்கத்து மரக்கறியை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்கு ஓடும். வரிசையில் நின்று நின்று உம்முடைய கால் வீங்கிவிட்டதென்று பாக்கியம் புலம்புவார். நான் ஒரு நாளும் வரிசையில் நிற்கவில்லை. எங்கள் கந்தோர் ட்ரக்டருக்கென்று பின்பக்கத்து அறையில் ஒரு ட்ரம் டீசல் இருந்தது. அறைச் சாவி பிரதம லிகிதரான என்னிடம். இரண்டு கானில் நிரப்பி, உரச் சாக்கால் மூடி, என் வேனிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லோரும் செய்கிறார்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எல்லோரும் செய்யவில்லை. நீர் செய்யவில்லை.

அந்த டீசல்தான் வேனைக் கெடுத்தது. ட்ரம்மின் அடியில் கிடந்த துருவும் தண்ணீரும் கலந்த சரக்கு. காலையில் ஸ்டார்ட் எடுத்தால் வீடு முழுக்க வெள்ளைப் புகை, இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். நீர் வந்து பில்டரைக் கழற்றி, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தீர்.

"இது ஷெட்ல அடிச்ச டீசல் இல்லையே சார்."

"தெரிந்த ஆளிடம் வாங்கினனான்" என்றேன்.

என் முகத்தை ஒரு முறை பார்த்தீர். "சரி" என்றீர். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. "நொசில் அடச்சிருக்கும். கராஜ்ல குடுத்தா இப்ப வாரக் கணக்கா போட்டு வச்சிருவானுங்க. ஞாயித்துக்கிழம நம்மளே கழட்டிப் பாப்போம்."

அந்த ஞாயிறு எங்கள் பின் விறாந்தையில் நீர் நடத்திய கூத்தை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. மேசைக்கு வெள்ளைத் துணி வேண்டும் என்றீர், அதுவும் நூல் பிரியாத துணி. என் பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்தோம். நான்கு யோகட் கப்பைக் கழுவிக் காயவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பேனையால் எழுதி வரிசையாக வைத்தீர். வேனின் முன் சீற்றைத் தூக்கி, எதையும் கழற்றுவதற்கு முன்னால் இன்ஜெக்டரைச் சுற்றியிருந்த மண்ணையும் எண்ணெயையும் தூரிகையால் துடைத்தெடுத்தீர். ஒரு மண் துணிக்கை உள்ளே விழுந்தாலும் செய்த வேலை அத்தனையும் வீண் என்றீர். பைப்புகளைக் கழற்றியதும் திறந்திருந்த வாய் ஒவ்வொன்றிலும் பொலித்தீன் துண்டைச் சுற்றி இறப்பர் பட்டி போட்டீர். கோயில் ஐயர் பூசைக்கு ஆயத்தம் செய்வது போல இருக்கிறதே என்று நான் பகிடி பண்ணினேன்.

"ஐயருக்குத் தப்புனா சாமி மன்னிக்கும். இது மன்னிக்காது சார்" என்றீர்.

ஒவ்வொரு நொசிலுக்குள்ளும் ஓர் ஊசி. பளபளவென்று, சின்னப் பென்சில் முனை அளவில். அந்த ஊசியும் அது உட்காருகிற உடலும் பிறப்பிலேயே சோடி. ஒன்றினுடையதை இன்னொன்றில் போட்டால் இரண்டும் கெட்டுவிடும். அதற்குத்தான் நான்கு கப். ஊசியை விரலால் தொடக் கூடாது, வியர்வை பட்டாலே துரு ஏறும் என்றீர். சுத்தமான டீசலில் ஊறவைத்து, கரியைப் பித்தளைத் தூரிகையால் எடுத்து, துளையை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, மறுபடி கழுவி, ஊசியை அதன் உடலுக்குள் நுனி மட்டும் வைத்துக் கையை விட்டீர். அது தன் பாரத்திலேயே மெல்ல மெல்ல இறங்கியது. மூன்றாவது மட்டும் பாதியில் நின்றது. நான் பென்சிலால் தள்ளிவிடப் போனேன்.

"தள்ளுனா போகும் சார். தானா போகணும்" என்று என் கையைத் தட்டிவிட்டீர்.

அந்த ஊசிக்குக் கராஜ்காரர்கள் எல்லோரும் சிங்களத்தில் 'கட்டுவ' என்பார்கள். கட்டுவ என்றால் முள். ரோசாச் செடியில் இருப்பதும் கட்டுவதான், மீனுக்குள் இருப்பதும் கட்டுவதான். கராஜுக்குள் மட்டும் அது நொசில் ஊசி. எனக்கு இந்தச் சொல் கிடைத்ததும் தலைகால் தெரியவில்லை. புத்தகச் சிங்களம் பேசுகிறவன் என்று கந்தோரில் என்னைக் கிண்டல் செய்வார்கள். நானோ அன்று காலை முழுக்க, "முதலாம் நம்பர் கட்டுவ சரியா? மூன்றாம் நம்பர் கட்டுவ இறங்குதோ?" என்று உம்மைக் கேட்டுத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தேன். "சார் இனி கந்தோருக்குப் போக வேணாம், கராஜ் பாஸ் ஆகிட்டாரு, மெக்கானிக்கு" என்று பாக்கியத்துக்குக் கேட்கும்படி வேலிக்கு மேலால் கத்தினீர். பாக்கியம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

கடைசி வேலை சோதிப்பது. கலேவெலயில் பம்ப் வேலை செய்யும் ஒருவரிடம் கைப்பம்ப் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தீர். அதில் டீசலை ஊற்றி, இன்ஜெக்டரைப் பொருத்தி, கைப்பிடியை அழுத்தினால் நொசிலிலிருந்து டீசல் புகை போலச் சீறும். ஊற்றினது என்னுடைய கானில் இருந்த டீசல்தான், நீர் துணியில் மூன்று தடவை வடித்தது. கைப்பிடி என்னிடம். நொசிலுக்கு முன்னால் பழைய பேப்பரைப் பிடிப்பது நீர். "கைய மட்டும் முன்னால கொண்டு போகவே கூடாது சார். தோல ஓட்ட போட்டு உள்ள போயிரும்" என்று ஆரம்பத்திலேயே சொன்னீர். சொன்னவர் நீர். கேட்டுக்கொண்டவன் நான்.

ஒன்றும் இரண்டும் அழகாகச் சீறின. மூன்றாவதன் நுனியில் ஒரு துளி தொங்கியது. அது தொங்கக் கூடாது. "இருங்க சார்" என்று சொல்லிவிட்டு நீர் துணியைத் தேடினீர். துணி தள்ளிக் கிடந்தது. சுட்டு விரலால் அந்தத் துளியைத் துடைத்தீர். நான் அழுத்தினேன்.

'இருங்க' என்றது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்குள்ளேயே சொல்லிவந்தேன். இன்று உண்மையை எழுதுகிறேன். கேட்டது. அந்தச் சீறலைப் பார்க்கிற அவசரம். விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற ஒரு மனிதன்.

"ஸ்" என்று கையை இழுத்தீர். பார்த்தால் ஒன்றுமே இல்லை. விரல் நுனியில் ஒரு புள்ளி. அதில் கடுகளவு இரத்தம். "கொசு கடிச்ச மாதிரி தான் இருக்கு" என்று சிரித்தீர். நோகவில்லை என்றீர். நானும் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். காலை மிதித்தால் கேட்போமே, அந்த மாதிரி. மூன்றாவதை மறுபடி பிரித்துக் கழுவிச் சரிப்படுத்தினீர். நான்காவதையும் பார்த்தீர். செப்பு வோஷர்களை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்து, எல்லாவற்றையும் பூட்டி முடிக்கும்போது பின்னேரம் ஆகிவிட்டது. என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டா. நீர் சோற்றைப் பிசையும்போது விரல் மடங்கவில்லை. வெள்ளையாய், சுண்ணாம்பு தடவியது போல இருந்தது. உள்ளங்கை வரை இறுக்கமாக இருக்கிறது என்றீர்.

என் மனைவிதான் சத்தம் போட்டா. "என்னப்பா பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

நீர் பூட்டின வேனில்தான் போனோம். அன்றைக்கு அது என்ன அழகாக ஓடியது தெரியுமா? ஒரு தட்டல் இல்லை, ஒரு புகை இல்லை. அதற்காக அதை எத்தனை நாள் திட்டியிருப்பேன்.

"நீங்களே பேசுங்க சார். நீங்க பேசுனா கவனிப்பாங்க" என்று வாசலிலேயே சொன்னீர். உம்முடைய சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். என்னுடையது தடக்கித் தடக்கி வரும். ஆனால் நான் அயர்ன் பண்ணின சேட்டு, நீர் எண்ணெய் படிந்த சாரம் கட்டின ஆள். அதனால் நான் பேசினேன். மேசையில் இருந்த இளம் நேர்ஸ் என்ன நடந்தது என்று கேட்டாள். "விரலில் கட்டுவ குத்திவிட்டது" என்று சிங்களத்தில் சொன்னேன்.

முதல் தடவை அது வாய் தவறி வந்ததுதான். சத்தியமாக. காலையிலிருந்து அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்த வாய், வேறு சொல் தேடவில்லை. அதோடு நின்றிருந்தால், தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லி நான் நித்திரை கொண்டிருப்பேன். ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. பேனையை நிறுத்தி, வீங்கின கையைப் பார்த்துவிட்டு, "மொன கட்டுவத?" என்றாள். என்ன முள்?

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் முள் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று. திருத்த வேண்டிய நேரம் அது. பம்ப், டீசல் என்று இரண்டு சொல் போதும். ஆனால் அவளுக்குப் பின்னால், சுவரோரமாக, ஆஸ்பத்திரிப் பொலிசின் மேசை இருந்தது. விபத்து என்றால் அங்கே வாக்குமூலம் கொடுக்க வேண்டும். யாருடைய வீடு, என்ன செய்தீர்கள், டீசல் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். டீசல் பதுக்கினவர்களை ஒவ்வொரு நாளும் பிடித்துக்கொண்டிருந்த காலம். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம். கந்தோர்ச் சாவி அப்போதும் என் காற்சட்டைப் பையில்.

"வேலி முள்" என்றேன். "தோட்டம் துப்பரவு செய்யும்போது."

நீர் என்னைப் பார்த்தீர். உம்மைப் போலச் சிங்களம் தெரிந்த மனிதருக்கு அதில் விளங்காமல் போக ஒன்றும் இல்லை. ஒரு சொல் சொல்லி என்னைத் திருத்தியிருக்கலாம். பொலிஸ் மேசையைப் பார்த்தீர். பிறகு நிலத்தைப் பார்த்தீர். முள் என்றே எழுதிக்கொண்டார்கள். முள், ஆணி குத்தினால் போடுகிற ஏற்பு ஊசி ஒன்று போட்டு, குளிசை கொடுத்து, வீங்கினால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. வேலி முள்ளுக்கு அவர்கள் செய்தது சரியான வைத்தியம்.

திரும்பி வரும்போது நீர் முன் சீற்றில் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருப்பீர். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

"வேன் நல்லா இழுக்குது பாருங்க சார்" என்றீர்.

அடுத்த நாள் காலை நான் கந்தோருக்குப் புறப்படும்போது பாக்கியம் வேலியருகில் வந்து நின்றார். "ஒரு முள்ளுக்கு இப்பிடி வீங்குமா சார்? வலியில தூங்கவே இல்ல" என்றார். ஏற்பு ஊசி போட்டாயிற்று, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் எடுத்துப் போனேன். நாவுல போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த அறையைத் திறந்து, என் வீட்டில் மிச்சமிருக்கும் டீசலை எப்படித் திரும்ப ட்ரம்மில் சேர்ப்பது என்று யோசித்தேன். உம்முடைய விரலைப் பற்றி யோசித்தது அதற்குப் பிறகு. பின்னேரம் நான் திரும்பி வந்தபோது விரல் கறுத்துவிட்டது.

கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த சத்திரசிகிச்சை வைத்தியர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, உள்ளே என்ன போனது என்பதுதான். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே வர வேண்டாம் என்று ஒருவரும் தடுக்கவில்லை, நானாகத்தான் வெளியே நின்றேன். நீர் டீசல் என்று சொன்னீர். வைத்தியர் கோபித்துக்கொண்டார். சம்பவம் நடந்த அன்றைக்கே டீசல் என்று சொல்லியிருந்தால் கையைத் திறந்து கழுவியிருக்கலாம், விரலை வைத்திருக்கலாம், இதை ஏன் மறைத்தீர்கள் என்று சத்தமாகக் கேட்டார்.

"நான் தான் சொல்லல டொக்டர். தப்பு என்னுது தான்" என்றீர்.

சுட்டு விரலையும் நடு விரலையும் எடுத்தார்கள். மிச்சக் கை விறைத்துப்போனது. சாவியைத் திருப்ப, ஸ்பானர் பிடிக்க, மூட்டை தூக்க ஒன்றுக்கும் ஆகவில்லை. நாலு மாதம் பொறுத்துப் பார்த்து லொறியை விற்றீர். வாங்கின ஆள் அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் இறங்கும்போது நீர் வெளியே வரவில்லை. நான் என் வீட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தம்புள்ளைச் சந்தையிலேயே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் நிறை எழுதுகிற வேலை கிடைத்தது. எவ்வளவோ காலம் லொறியோடு போன சந்தைக்கு, பஸ்சில் நசுங்கிக்கொண்டு போய் வந்தீர். "என் எழுத்தப் பாத்துட்டு டொக்டர் எழுதுன மருந்துத் துண்டான்னு கேக்குறானுங்க சார்" என்று சிரித்தீர். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்காவது ஏதாவது சொல்லியிருப்பேன்.

நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடை வைத்தார்கள், மாலை போட்டார்கள், கறைபடாத கை என்று மேலதிகாரி பேசினார். ஓய்வூதியமும் வரத் தொடங்கிற்று. இனிமேல் சொன்னால் யாரும் எதையும் பிடுங்கப் போவதில்லை. அப்போதும் சொல்லவில்லை. அதுதான் எனக்கே விளங்காத இடம். பயத்தில் மறைத்தவன் பயம் போன பிறகு ஏன் மறைத்தான்? நினைத்து நினைத்துப் பார்த்ததில் ஒரு பதில்தான் கிடைக்கிறது. நீர் என்னைச் சார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், சந்தையால் வரும் பஸ்சில், நாவுல தாண்டினதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீராம். மாத்தளை வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. லொறி இருந்திருந்தால் அந்த பஸ்சில் ஏன் போகப் போகிறீர் என்று நான் யோசித்தேன். இதயத்துக்கு லொறியும் பஸ்சும் ஒன்றுதான் என்று என் மனைவி சொல்கிறா. இருக்கலாம்.

செத்த வீட்டில் உம்முடைய மருமகன் வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, "அன்னைக்கு விரல்ல முள்ளு குத்துனப்ப சார் தான் ஓடிப் போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. சார் இல்லாட்டி கையே போயிருக்கும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பாக்கியம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் துக்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

இன்று கராஜிலிருந்து நேரே உம்முடைய வீட்டுக்குத்தான் போனேன். பிளேன்டிக்குக் காசைக் கொடுத்துவிட்டு நடந்தே போனேன். பாக்கியம் விறாந்தையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். ட்ரம்மில் தொடங்கி, இருங்க என்றது கேட்டது, அழுத்தியது, கட்டுவ என்று சொன்னது, வேலி முள் என்று பொய் சொன்னது எல்லாவற்றையும். அவருடைய கை நறுக்குவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் கத்தியை வைத்தார்.

"தெரியும் சார்" என்றார். "கண்டியில இருந்து வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு."

"ஏன் தங்கச்சி என்னை ஒரு சொல் கேக்கேல்லை?" என்றேன்.

"கேக்கக் கூடாதுன்னாரு. சார் மனசு கேக்காம ஒரு நாள் அவரே வந்து சொல்லுவாரு, அது வரைக்கும் நம்ம வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாரு. நீங்க எப்ப இந்தப் படி ஏறுனாலும் எனக்குக் கண்ணக் காட்டுவாரு, நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன். நீங்க தனியா சொல்லணும்னு. மூணு தீபாவளிக்கு வந்தீங்க. முறுக்கத் தின்னுட்டு, மழையப் பத்திப் பேசிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க." குரல் உயரவே இல்லை. "கோவம் இல்ல சார் அவருக்கு. காத்துக்கிட்டு இருந்தாரு. அவ்ளோ தான்."

மன்னித்துவிடும் என்று கேட்கத்தான் போனேன். யாரிடம் கேட்பது? மன்னிக்கத் தயாராய் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த ஆளை நான்தான் காக்கவைத்து அனுப்பிவிட்டேன். பாக்கியத்திடம் கேட்க எனக்கு என்ன உரிமை? கையைக் கூப்பினேனா, சும்மா தொங்கவிட்டேனா தெரியவில்லை. "அப்ப நான் வாறன் தங்கச்சி" என்றேன்.

எங்களூரிலும் சரி, உங்களூரிலும் சரி, வீட்டை விட்டுப் புறப்படுகிறவனிடம் சொல்லுகிற சொல் ஒன்றுதான். சண்டை பிடித்துக்கொண்டு போகிறவனிடம்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வோம். இருபது வருடத்தில் பாக்கியம் அதை எனக்கு எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ.

"சரி, போங்க சார்" என்றார்.

படியிறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, மற்றச் சொல்லும் வரும் என்று கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றேன். பீன்ஸ் நறுக்கும் சத்தம்தான் கேட்டது.